கணப்பின் கணக்கு

லண்டன் மாநகரைச் சுற்றி, மையத்திலிருந்து சுமார் இருபது முதல் முப்பது கிலோமீட்டர் தொலைவில், சாலையோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் சில சிறிய வார்ப்பிரும்புத் தூண்கள் நிற்கின்றன. வெள்ளை அடித்து, நகரத்தின் சின்னமான சிலுவையும் வாளும் பொறிக்கப்பட்டவை. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பட்டவற்றில் இருநூறுக்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியிருக்கின்றன. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் அவற்றை மைல்கல் என்று எண்ணிக் கடந்துவிடுவார்கள். அவை மைல்கற்கள் அல்ல. அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் லண்டன் நகருக்கு வரி செலுத்த வேண்டும் என்று அறிவித்த காவலாளிகள் அவை. 1889இல் அந்த வரியை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். தூண்களைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தூண்களை எனக்கு நினைவூட்டியது 2022ஆம் ஆண்டின் குளிர்காலம். எரிவாயுவின் விலையும் மின்சாரத்தின் விலையும் ஒருசேர ஏறி, பிரிட்டனின் குடும்பங்கள் அதுவரை கண்டிராத கட்டணச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற காலம் அது. ‘வரலாறு காணாத நெருக்கடி’ என்று நாளிதழ்கள் எழுதின. தொகையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த நெருக்கடியை ஓர் ஏழைக் குடும்பம் எதிர்கொண்ட விதம் வரலாறு பலமுறை கண்டதுதான் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. வெயில் நாட்டில் பிறந்த நமக்குக் குளிர் ஒரு செய்தி மட்டுமே. அடுப்பெரிக்கக் காசில்லாமை அப்படியல்ல. அது நாம் நன்கறிந்த பொருள்.

விறகிலிருந்து தொடங்கவேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. வீடு கட்டவும் கப்பல் கட்டவும் இரும்பு உருக்கவும் ரொட்டி சுடவும் எல்லோருக்கும் மரம் வேண்டியிருந்தது. தரைவழியே தொலைதூரத்திலிருந்து விறகைக் கொண்டுவருவதோ பெருஞ்செலவு. விறகின் விலை ஏற ஏற, வடகிழக்கே நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரிக்கு மக்கள் மாறினார்கள். கடல்வழி வந்ததால் அதற்குக் ‘கடற்கரி’ என்றே பெயர். விரும்பி மாறவில்லை. அதன் கந்தக நாற்றத்தைச் சகிக்கமுடியாத சீமாட்டிகள், கடற்கரி எரியும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவும் மறுத்தார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. நாற்றம் பார்க்கும் வசதி இல்லாதவர்களே முதலில் மாறியிருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை.

எரிபொருள் மாறியதும் வீடும் மாறியது. கூடத்தின் நடுவே விறகை எரித்து, புகையைக் கூரை வழியே போகவிடும் பழைய ஏற்பாடு நிலக்கரிக்கு ஒத்துவராது. அதற்கு இரும்புத் தட்டி வேண்டும். குறுகலான புகைபோக்கி வேண்டும். எஸ்ஸெக்ஸில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளியான தம் நூலில், தம் ஊர்க் கிழவர்கள் தம் ஆயுளில் கண்ட பெரும் மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறிப்பிட்டார்கள் என்று எழுதுகிறார். ஆக, ஓர் எரிபொருளின் விலையேற்றம் ஒரு நாட்டின் கட்டடக் கலையையே மாற்றியது. அதே நேரத்தில் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு துறைமுகத்தின் தயவில் லண்டனின் ஒவ்வொரு அடுப்பையும் அது நிறுத்தியும் விட்டது.

அந்தத் தயவின் பொருள் 1643இல் விளங்கியது. அரசர் முதலாம் சார்ல்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. நியூகாசில் அரசர் பக்கம். நிலக்கரி வருவாய் எதிரியின் கருவூலத்துக்குப் போகக்கூடாதென்று நாடாளுமன்றமே அந்நகரத்துடனான கரி வாணிபத்தைத் தடை செய்தது. அடிபட்டது நியூகாசில் மட்டுமல்ல, நாடாளுமன்றத்தின் சொந்தக் கோட்டையான லண்டனுந்தான். அக்டோபர் 1643இல், லண்டனைச் சுற்றி அறுபது மைலுக்குள் மரம் வெட்டி நகரத்து ஏழைகளுக்குத் தர ஆணை பிறந்தது. அரசர் பக்கம் நின்றவர்களின் தோப்புகளே முதலில் விழவேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டு சதுப்பு நிலங்களில் கரிமண் வெட்டவும் அனுமதி தந்தார்கள். 1644 அக்டோபரில் ஸ்காட்லாந்துப் படை நியூகாசிலைக் கைப்பற்றிய பின்னரே கப்பல்கள் மீண்டும் தெற்கு நோக்கி வந்தன. போரில் எரிபொருள் ஓர் ஆயுதம் என்பதும், அந்த ஆயுதம் ஏவியவரின் வீட்டுக் கணப்பையும் சேர்த்து அணைக்கும் என்பதும் 2022இல் ஐரோப்பா புதிதாகக் கற்ற பாடமல்ல.

போர் முடிந்து, முடியாட்சி திரும்பியது. இரண்டாம் சார்ல்ஸின் அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. 1662இல் கணப்பு வரி பிறந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங், இரு தவணைகளில். பெரிய மாளிகைக்குக் கணப்புகள் அதிகம், வரியும் அதிகம். பரம ஏழைக்கு விலக்கு. ஏட்டில் பார்த்தால் நியாயமான வரிதான். ஆனால் ஏடு வேறு, வீடு வேறு. எத்தனை கணப்புகள் என்று எண்ணுவதற்கு அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டும். அறை அறையாகப் பார்க்க வேண்டும். மக்கள் அந்த ‘புகைபோக்கி மனிதர்களை’ வெறுத்தார்கள். கணப்புகளைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். குளிரைக் காட்டிலும் வரி கொடியதாகத் தோன்றிய வீடுகளில் ஓர் அறையின் வெப்பம் இப்படித்தான் நின்றுபோனது.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சர்ச்சில் என்றொரு சிற்றூர். அங்கே ரொட்டி சுட்டு விற்ற ஒரு பெண்மணி, தனக்கெனப் புகைபோக்கி வைத்தால் வரி கட்ட வேண்டுமே என்று, சுவரை இடித்துத் தன் அடுப்பின் புகையை அண்டை வீட்டுப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டாள். 1684இல் அதிலிருந்து பரவிய தீயில் இருபது வீடுகள் எரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள். ஊர் பிறகு மேட்டின்மேல் புதிதாக எழுந்தது. வரலாற்று நூல்களில் இது ஒரு சுவையான துணுக்காக வரும். எனக்கோ, அந்தப் பெண்மணி சுவரை இடிக்கும்முன் போட்டிருக்கக்கூடிய மனக்கணக்குதான் கண்முன் நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டே ஷில்லிங். அதை மிச்சப்படுத்த ஒருத்தி தன் சுவரை உடைக்கத் துணிகிறாள் என்றால், அந்த இரண்டு ஷில்லிங்கின் எடை அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்? 1689இல் புதிய அரசர் வில்லியமும் அரசி மேரியும் இந்த வரியை ஒழித்தார்கள். அந்நியர் வீடு புகுந்து சோதிப்பது குடிமக்களுக்கு அடிமைத்தனத்தின் முத்திரை என்பது அந்தச் சட்டம் சொன்ன காரணங்களுள் ஒன்று.

வேறொரு வரி அதற்குள் வந்திருந்தது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் லண்டன் எரிந்தபின் நகரத்தைத் திரும்பக் கட்ட, லண்டனுக்கு வரும் கரிக்கு, சால்ட்ரன் என்ற அளவுக்கு ஒரு ஷில்லிங் விதித்தார்கள். 1670இல் அது மூன்று ஷில்லிங்காயிற்று. கிறிஸ்டோஃபர் ரென் எழுப்பிய புனித பவுல் பேராலயத்தின் மாபெரும் குவிமாடம் பெரும்பங்கு இந்தக் கரி வரியில் எழுந்ததே. அதை அண்ணாந்து பார்த்து வியக்கிற நாம், லண்டனின் கீழ்த்தட்டுக் குடும்பங்கள் ஒவ்வொரு கூடை கரிக்கும் செலுத்திய சில்லறையும் அந்தக் கல்லில் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. யாரும் வீட்டுக்குள் நுழைந்து எண்ணவில்லை. விலைக்குள்ளேயே வரி ஒளிந்துகொண்டது. ஆகவே எதிர்ப்பும் மெல்லியதாகவே இருந்தது.

ஏழைகள் கரி வாங்கிய முறையைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். வசதியுள்ளவர் கோடையில், கடல் அமைதியாகவும் விலை தாழ்ந்தும் இருக்கும்போது, நிலவறை நிறையக் கரி கொட்டிவைப்பார். ஏழைக்கு நிலவறையும் இல்லை, முன்பணமும் இல்லை. புயலில் கப்பல்கள் தடைப்பட்டு விலை உச்சத்தில் நிற்கும் குளிர்காலத்தில், தெருமுனைக் கடையில், சிறு கூடைக் கணக்கில் வாங்குவார். அதே கரிக்கு அவர் தரும் விலை அதிகம். அரிசியை மூட்டையாக வாங்குபவருக்கும் படிக்கணக்கில் வாங்குபவருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லண்டனின் வணிகக் குழுமங்கள் பதினேழாம் நூற்றாண்டில் கரியைச் சேமித்துவைத்துப் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு விற்றன. இந்த அநீதியை அன்றே சிலர் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எரிவாயு நிறுவனங்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. வாரக்கூலி வாங்கும் தொழிலாளிக்கு மூன்று மாதக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்ட முடியாது. அதனால் அவர் வாடிக்கையாளராக ஆவதே இல்லை. அவர் வீட்டில் ஒரு பெட்டியை வைத்தால்? ஒரு பென்னி நாணயத்தை இட்டால் ஒரு பென்னிக்கான வாயு வரும், தீர்ந்ததும் நின்றுவிடும். 1890களில் இந்த நாணய மீட்டர்கள் லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் பரவின. கரித்தூள் படியாத சமையல் அடுப்பு பல பெண்களின் கைக்கு முதன்முறையாக வந்தது; அது உண்மையான விடுதலை. கூடவே, உலை கொதிக்கும் முன் நாணயம் தீர்ந்துவிடும் அச்சமும் வந்தது. மாட் பெம்பர் ரீவ்ஸ் என்ற ஃபேபியன் சோஷலிஸ்ட், லாம்பெத் பகுதியில் வாரம் சுமார் ஒரு பவுண்டில் குடும்பம் நடத்திய பெண்களின் வரவுசெலவுக் கணக்குகளைத் தொகுத்து 1913இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கணக்குகளில் வாடகை, ஈமக் காப்புறுதி ஆகியவற்றோடு கரியும் வாயுவும் வாரந்தோறும் வருகின்றன. அவற்றைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் ரொட்டி.

பிறகு 1973. அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கு. பிரிட்டனில் அத்துடன் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டமும் சேர்ந்துகொண்டது. 1974 ஜனவரி 1 முதல் மார்ச் 7 வரை பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மின்சாரம். இரவு பத்தரை மணிக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றது. குடும்பங்கள் ஓர் அறையை மட்டும் சூடேற்றும்படி கேட்டுக்கொள்ளப்பட்டன. அமைச்சர் பேட்ரிக் ஜென்கின், மக்கள் இருட்டிலேயே பல் துலக்கலாம் என்று வானொலியில் அறிவுரை கூறினார். சில நாட்களில் அவர் வீட்டில் விளக்குகள் பளிச்சென்று எரியும் புகைப்படம் பத்திரிகையில் வெளிவந்தது. நாடே சிரித்தது. ஆனால் அமைச்சரின் அறிவுரையை ஏற்கனவே கடைப்பிடித்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனையோ இருந்தன. அவர்களுக்கு அது அறிவுரை அல்ல, வாழ்க்கை.

அந்தப் பத்தாண்டுக்குப் பின்னரே இந்த நிலைக்கு ஒரு பெயர் நிலைத்தது: எரிபொருள் வறுமை. பிரெண்டா போர்ட்மன் 1991இல் அதே தலைப்பில் எழுதிய நூல், வீட்டைப் போதுமான அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் செலவிட வேண்டியிருந்தால் அது எரிபொருள் வறுமை என்று வரையறுத்தது. இதில் நுட்பமான சொல் ‘வேண்டியிருந்தால்’ என்பதே. செலவிட்ட தொகையை மட்டும் பார்த்தால், குளிரில் உறைந்தபடி மிச்சம்பிடிக்கும் கிழவி சிக்கனமானவளாகத் தெரிவாள். அவள் செலவிடாமல் விட்டதைக் கணக்கில் எடுத்தால்தான் அவள் வறியவள் என்பது புரியும். வறுமைக்கு வருமானமும் விலையும் மட்டுமல்ல, வீடும் காரணம் என்பதை அந்நூல் வலியுறுத்தியது. ஒழுகும் சன்னலும் காப்பில்லாத சுவரும் உள்ள வீட்டில், ஏழை தெருவையும் சேர்த்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார்.

2022க்கு வருவோம். பிரிட்டனின் வீடுகளில் பெரும்பான்மை எரிவாயுவால் சூடாகின்றன. மின்சாரத்தின் சந்தை விலையையும் பெரும்பாலும் எரிவாயு நிலையங்களே தீர்மானிக்கின்றன. ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தபின் வாயுவின் விலை விண்ணில் ஏறியது. ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. அக்டோபருக்கு அறிவிக்கப்பட்டதோ 3,549. செப்டம்பர் 8 அன்று, சராசரிக் கட்டணம் 2,500 பவுண்டைத் தாண்டாதபடி அரசு ஈடுகட்டும் என்று பிரதமர் லிஸ் டிரஸ் அறிவித்தார். அன்று மாலையே அரசியார் எலிசபெத் மறைந்த செய்தி வர, அந்த அறிவிப்பு அதில் மூழ்கிப்போனது. நூலகங்களும் தேவாலயங்களும் ‘கதகதப்பு இடங்கள்’ ஆயின. புத்தகம் படிக்கவல்ல, குளிர் காயவே முதியவர்கள் நூலகத்துக்கு வந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நாணயப் பெட்டியின் பேரனும் வெளிச்சத்துக்கு வந்தான். முன்கட்டண மீட்டர்: இப்போது நாணயம் இல்லை, அட்டையோ சாவியோ. கடனில் விழுந்தவர்களின் வீடுகளுக்குள் நீதிமன்ற ஆணையுடன் நுழைந்து, வலுக்கட்டாயமாக இந்த மீட்டரைப் பொருத்திய நிகழ்வுகள் 2023 தொடக்கத்தில் அம்பலமாகி, அந்த வழக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. முன்கட்டணம் செலுத்துபவர், அதாவது பெரும்பாலும் ஏழை, மற்றவரைவிடக் கூடுதல் கட்டணம் தந்துவந்தார். அந்த வேறுபாடு 2023 ஜூலையில்தான் நீங்கியது. கூடைக் கரிக்காரரின் பழைய கணக்கு அதுவரை உயிரோடு இருந்திருக்கிறது.

இந்த மீட்டரோடு தொடர்புடைய ஒரு சொல்தான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. காசில்லாமல் மீட்டர் நின்றுபோவதைத் துறைசார் மொழியில் ‘சுய துண்டிப்பு’ என்பார்கள். எவரும் வந்து இணைப்பை வெட்டவில்லை; தாமே துண்டித்துக்கொண்டார்களாம். கரி வாங்காதவரும், கணப்பைச் செங்கல்லால் அடைத்தவரும், இருட்டில் பல் துலக்கியவரும்கூட அந்த அகராதிப்படி தாமாகத் துண்டித்துக்கொண்டவர்களே. நானூறு ஆண்டுகளில் எரிபொருள் விறகிலிருந்து வாயுவாகியிருக்கிறது. எண்ணும் கருவி, வீடு புகுந்த அதிகாரியிலிருந்து சுவரில் மினுங்கும் எண்ணாகியிருக்கிறது. அணைப்பது மட்டும் அன்றுபோலவே வீட்டுக்குள் இருப்பவரின் கைதான். அதனால் அணைந்ததற்கான பொறுப்பும் அவருடையதே என்று கணக்கு எழுதப்படுகிறது.

லண்டனைச் சுற்றி நிற்கும் அந்த வெள்ளைத் தூண்களுக்கு அவ்வப்போது யாரோ புதிதாக வண்ணம் அடிக்கிறார்கள். அவை பாதுகாக்கப்பட வேண்டிய நினைவுச்சின்னங்களே. எல்லைக்கு உள்ளே எவ்வளவு கரி நுழைந்தது என்பதற்கு அவை துல்லியமான சாட்சிகள். உள்ளே எத்தனை வீடுகளில் அது எரியவில்லை என்பதை எண்ண எந்தத் தூணும் நடப்படவில்லை.