கடலூர்க் கடலில் வீழ்ந்த டோர்னியர்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வேரூன்றிய குடும்பங்கள் பலவற்றுக்கு வங்கக் கடல் புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலாக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் நோக்கிப் பல்லாண்டுக் காலம் அந்நீரைக் கடந்தது. பாட்டன் பாட்டியர் ஊர்க்கரை மறையக் கண்டு கலங்கிய அக்கடலிலேதான், 2015 ஜூன் 8-ஆம் நாள் இரவு, இந்தியக் கடலோரக் காவற்படையின் சிறு விமானம் ஒன்று மூன்று அதிகாரிகளுடன் மறைந்தது.

1978-இல் சட்டமுறையாக நிறுவப்பெற்ற அப்படை, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குவது. டோர்னியர் என்பது இரண்டு உந்துவிசிறிகள் கொண்ட இலகு விமானம். கரையோரக் கண்காணிப்புக்கு ஏற்றது. அன்று மாலை சென்னையினின்று புறப்பட்டுப் பாக்கு நீரிணைப் பக்கம் காவற்சுற்றுச் சென்ற அவ்விமானம், திரும்பும் வழியில் காரைக்காலுக்கு அப்பால் இருந்தபோது, இரவு 9.23 மணிக்குத் திருச்சி ரேடாரின் பார்வையினின்று நீங்கிற்று.

கப்பல்களும் விமானங்களும் பல நாள் தேடின. கடலூர்க் கரையை அடுத்த கடலின் இயல்பு ஈண்டு அறியத்தக்கது. கோலசிலாங்கூருக்கு எதிரேயுள்ள மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. நீர் வற்றுங்காலத்துக் கரைச்சேறு நெடுந்தொலைவு வெளிப்படும். கடலூர்ப் பக்கமோ அவ்வாறன்று. அங்குக் கண்டத்திட்டு மிகக் குறுகியது. கடலடிப் பள்ளத்தாக்குகள் கரைக்கு அண்மையிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆதலின், கரையினின்று 30 கிலோமீட்டர் அளவிலேயே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடந்தது. முத்துக் குளிப்போர் மூச்சடக்கிச் செல்லும் ஆழமன்று அது.

வழிகாட்டியது ஓர் ஒலி. விமானத்தின் கருப்புப் பெட்டியோடு (பெயர்தான் கருப்பு, நிறம் செம்மஞ்சள்) சிறு ஒலிக்கருவி ஒன்று இணைக்கப்பெற்றிருக்கும். நீர்பட்டவுடன் அது நொடிக்கு ஒருமுறை அளவில் துடிக்கத் தொடங்கும். 37.5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வுடைய அவ்வொலி மனிதச் செவிக்கு எட்டாது. சில கிலோமீட்டருக்கு அப்பால் கருவிகளுக்கும் எட்டுவது அரிது. மின்கலத்தின் ஆயுளோ 30 நாள் என்பது அக்கால வழக்கம். சிந்துத்வஜ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அவ்வொலியைக் கேட்டது. ஒலிம்பிக் கேன்யன் என்னும் கப்பலினின்று இறக்கிய இயந்திரம் சிதைவுகளைக் கண்டது. ஜூலை 10-ஆம் நாள், அஃதாவது 33-ஆம் நாள், கருப்புப் பெட்டி மேலே வந்தது. மனித எச்சங்களும் பின்னர்க் கிடைத்தன. மூன்று வீட்டாரின் காத்திருப்பு துயரத்தோடேனும் ஒரு முடிவுக்கு வந்தது.

இவ்வொலிக்கருவியின் அருமையை மலேசியர் அறிவர். 2014 மார்ச் 8-ஆம் நாள் 239 பேருடன் மறைந்த எம்.எச்.370 விமானத்தில், பறப்புப் பதிவுக் கருவியோடு இணைந்த ஒலிக்கருவியின் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலங்கடந்து போயிருந்தது என்று விசாரணையறிக்கை கூறிற்று. காலங்கடந்த மின்கலம் ஒலித்தே இராது என்று துணிந்து கூறற்கில்லை. எனினும் 15 திங்கள் மாற்றப்படாதிருந்தமை பொறுக்கத்தக்கதன்று. மின்கலம் 90 நாள் உழைத்தல் வேண்டும் என்னும் அனைத்துலக விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

டோர்னியர் கிடைத்த மறு ஆண்டே, 2016 ஜூலை 22-ஆம் நாள், தாம்பரத்தினின்று போர்ட் பிளேருக்குப் பறந்த இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் அதே வங்கக் கடலில் மறைந்தது. அதில் நீரடி ஒலிக்கருவி பொருத்தப்பெறவில்லை. சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம் ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் காணப்பட்டன என்ற அறிவிப்பு 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. அக்குடும்பங்கள் அதுவரை ஏழாண்டுக்கு மேல் காத்திருந்தன.