மண்ணெண்ணெயில் ஓடிய ஜீப்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது டச்சுக் கல்லறை எங்கே என்றுதான். நுழைவாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய அந்த இடத்தைக் காட்டிவிட்டு, 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள் என்று நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போட்டோ எடுப்பார்கள், ஏரியில் படகில் ஒரு சுற்று போவார்கள், நண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எங்க ஊருக்கு வரலாறுன்னா அவ்ளோதான்னு நானும் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். பெரியப்பாவோட கொட்டகையில நின்ன ஒரு பழைய ஜீப்பும், அதை ஓட வைத்த ஒரு மனிதரும்தான் அந்த நம்பிக்கையைக் கலைத்தார்கள்.

ஜீப் மகேந்திரா. பெட்ரோல் வண்டி. அரசு ஏலத்தில் எடுத்தது. பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்து பிக்கப் மாதிரி ஆக்கியிருந்தார் பெரியப்பா. விடியற்காலையில் மடவையும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வரைக்கும் போகும். அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி வடிவமைத்த ‘ஹரிகேன்’ இன்ஜின் அதில் இருந்தது. நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். டீசல் விலை குறைவு என்பதால் இந்த மாதிரி ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு எப்போதோ டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். பெரியப்பா மாற்றவில்லை. கொள்கை எல்லாம் இல்லை, காசு இல்லை.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக் காத்து முதலில் தின்பது பானெட்டைத்தான். எங்கள் ஜீப்பின் அசல் பானெட் சல்லடையாகி, நான் பார்க்கும்போதே அது இருந்த இடத்தில் எண்ணெய் டிரம்மை வெட்டித் தட்டிய தகரம் இருந்தது. அதைத் தட்டியவர் சிலோன் அண்ணன்.

அவரை ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருந்து வேலைக்கு வருவார். முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் மட்டும் வரமாட்டார். அவர் முதன்முதலில் கொட்டகைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், பானெட்டைத் தூக்கினார், கார்பரேட்டர் மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெரியப்பாவிடம், “இதுக்கு என்ன எண்ணெய் விடுறியள்?” என்று கேட்டார். பெட்ரோல் வண்டிக்கு வேற என்னத்த ஊத்துவாங்க என்று பெரியப்பா சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐந்து வருடச் சரித்திரம் இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

கார்பரேட்டர் என்பது ஒரு எளிய தந்திரம். இன்ஜின் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போக வேண்டியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஒரு நுண்ணிய துளை வழியாக உறிஞ்சிப் பூந்தூறலாகத் தெளிக்கும். அந்தத் துளை உள்ள பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். எங்கள் ஜீப்பில் இருந்தது சோலெக்ஸ். அதன் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தைச் சொல்லும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். உலகத்தில் எந்த மூலையில் வாங்கினாலும் 120 என்றால் 120தான். ஆனால் அந்த எண்ணைத் தீர்மானித்தவர்கள், இந்த வண்டிக்கு எப்போதும் நல்ல பெட்ரோல் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு தீர்மானித்தவர்கள்.

அது எல்லாக் காலத்திலும் கிடைத்ததில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோல் ரேஷனாகி, தமிழ்நாட்டில் பஸ்களின் பின்னால் கரி அடுப்பு மாட்டி, கரியிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். நம் தாத்தாக்கள் கரி பஸ் என்று சொன்னது அதைத்தான். பிரிட்டனில் போருக்குப் பிறகு பெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை, பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மலிவான மண்ணெண்ணெய் வகை ஒன்றுக்கு மாறிக்கொள்ளும்படி கம்பெனியிலிருந்தே வந்தது. அங்கே எஞ்சினியர்கள் வரைபலகையில் செய்ததை, யாழ்ப்பாணத்தில் கராஜ் பையன்கள் வெறுங்கையால் செய்தார்கள்.

1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டது. வடக்குக்குப் போகக் கூடாத பொருட்களுக்கு அரசு பட்டியல் போட்டது. பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமெண்ட், உரம் எல்லாம் அதில் இருந்தன. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் போனது, அதன் விலையும் பல மடங்கு. சிலோன் அண்ணன் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் எடுபிடி.

அந்த ஊரில் ஆஸ்டின் ஏ40 கார்கள் நிறைய இருந்தன. 1947இலிருந்து பர்மிங்காமில் செய்த வண்டி அது. 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டப் பழகியிருந்தார்கள். அந்தப் பழமைதான் முற்றுகைக் காலத்தில் கைகொடுத்தது. இன்ஜினுக்குள் காற்றும் எரிபொருளும் எந்த அளவுக்கு நெருக்கப்படுகின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. புதிய கார்களில் நெருக்கம் அதிகம், மண்ணெண்ணெய் ஊற்றினால் இன்ஜின் தடதடவென்று தட்டிச் செத்துவிடும். ஏ40இல் அது சுமார் ஏழு மடங்குதான். எங்கள் ஜீப்பிலும் கிட்டத்தட்ட அதே. மட்டமான எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும்.

“பெற்றோலுக்கு வெயில் காணும், தம்பி. மண்ணெண்ணெய்க்கு நல்ல சூடு வேணும்” என்பார் அண்ணன். உண்மைதான். மண்ணெண்ணெய் சுமார் 150 டிகிரிக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். அதனால் முதலில் ஒரு சின்னப் போத்தலில் இருந்து குழாய் வழியாகத் துளித்துளியாகப் பெட்ரோல் விட்டு இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் கனமானது, அதற்கேற்ப ஜெட்டின் துளையைக் கம்பியால் ஒரு துளி பெரிசாக்க வேண்டும். சைலன்சர் பக்கத்துச் சூட்டைத் தொட்டுக்கொண்டு காற்று உள்ளே வரும்படி தகரக் குழாய் வைக்க வேண்டும். ரேடியேட்டர் முகத்தைச் சாக்கால் மூடி, இன்ஜினின் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறக்காமல் பெட்ரோலுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து கீழே இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும் என்பதால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்த ஆயிலும் கிடைக்காது.

இதையெல்லாம் கேட்கும்போது இளைஞர்களான நமக்கு ஒரு குதூகலம் வரும். ‘ஜுகாட்’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, வறுமையின் புத்திசாலித்தனத்தை வீடியோவாகப் பார்த்து ரசிக்கிற காலம் இது. நானும் ஒருநாள் அப்படித்தான், “செம மூளைண்ணே உங்க ஊர்க்காரங்களுக்கு” என்றேன். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மூளை இல்லை தம்பி, கணக்கு. வீட்டில ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருக்கும். பிள்ளைக்குச் சோதனை, ராவிலை விளக்கு வேணும். பக்கத்து வீட்டில ஆருக்கும் வருத்தமெண்டால் ஆஸ்பத்திரிக்குக் கார் போகோணும், அதுக்கும் அதே போத்தல்தான். எதுக்குக் குடுக்கிறது?”

ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் அந்தத் தலைமுறை படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. விளக்குக்குப் போகிற எண்ணெயையும் காருக்குப் போகிற எண்ணெயையும் துளிக் கணக்கில் பிரித்துப் பார்த்தவர்கள் செய்ததுதான் அந்த கார்பரேட்டர் வேலை. ஜெட்டைத் தேவைக்கு மேல் பெரிசாக்கினால் யாரோ ஒரு பிள்ளையின் விளக்கு அணையும்.

1995 அக்டோபர் 30ஆம் தேதி ராத்திரி யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. அண்ணனும் நடந்தார். அடுத்த வருடம் படகில் வந்து, மண்டபம் முகாம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த பையில் இரண்டு ஸ்பேனர் இருந்ததாகச் சொல்வார்.

எங்கள் ஜீப்பை அவர் மண்ணெண்ணெய்க்கு மாற்றவில்லை. தேவையில்லை, சட்டப்படியும் தப்பு. ஆனால் அவர் தட்டிய பானெட்டில் முன்பக்கம் கீல் வைத்து மடிக்கிற மாதிரி ஒரு தகடு இருந்தது. திறந்தால் காற்று போகும், இறக்கினால் ரேடியேட்டரை மூடிக்கொள்ளும். எதற்கு இது என்று பெரியப்பா கேட்டதற்கு, “இருக்கட்டும் அண்ணை” என்று மட்டும் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் அந்தத் தகடு சும்மாவே தொங்கியது.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். சென்னையைத் தாக்கிய அந்தக் காற்று எங்களையும் விடவில்லை. கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது, மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே படுத்தன. பறந்து வந்த தகர ஷீட் ஒன்று பக்கத்து வீட்டு அக்காவின் தொடையைக் கிழித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப்போட்டு, பொன்னேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மரங்களைச் சுற்றி மணலில் இறங்கி ஏற ஜீப்பால்தான் முடியும். கரண்ட் இல்லாததால் பெட்ரோல் பங்க் ஓடவில்லை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போயிருந்த நேரம் வேறு, கையில் காசும் இல்லை. பைக்குகளில் இருந்ததை உறிஞ்சியும் ஒரு பாட்டில்தான் தேறியது.

வேலைக்கு வந்து புயலில் மாட்டிக்கொண்ட அண்ணன் கேட்டார்: “வீடுகளில மண்ணெண்ணெய் இருக்கா?”

இருந்தது. ரேஷன் கிருஷ்ணாயில், வீட்டுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர். ஊரே இருட்டில் இருந்தது, எல்லா வீட்டிலும் அதை நம்பித்தான் விளக்கு எரிந்தது. பெரியம்மா கேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஆயா விளக்கையே ஊதி அணைத்துவிட்டு அதிலிருந்ததைக் கவிழ்த்தாள். அண்ணன் மட்டும் கூடவே போய், “விளக்குக்கு வைச்சிட்டுத் தாங்கோ, விளக்குக்கு வைச்சிட்டுத் தாங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு லிட்டர் சேர்ந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார்.

பெட்ரோல் பாட்டிலைக் குளுக்கோஸ் ட்யூபில் மாட்டி பானெட்டில் கட்டினார். ஜெட்டைக் கழற்றி, ஒரு கம்பியை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுழற்றினார். தகட்டை இறக்கி ரேடியேட்டரை மூடினார். வண்டி கிளம்பிச் சூடானதும் குழாயைத் திருப்பினார். இன்ஜின் ஒரு தடவை விக்கியது, அப்புறம் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. அடுப்பங்கரை வாசனையோடு அந்த இருபது கிலோமீட்டரைக் கடந்தோம். எப்போது வந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இப்போதும் இருக்கிறாள், மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்பாள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதுகாப்புக்கு அது நியாயமான சட்டம், மறுக்கவில்லை. ஆனால் ஆர்சி புத்தகத்தையும் ஜீப்பையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வண்டி. பின்பக்கம் இல்லை, பானெட் இல்லை, கார்பரேட்டர் அது இல்லை. எஃப்.சி. கிடைக்காமல் ஒருநாள் காயலான் கடைக்குப் போனது.

அன்றைக்கு அண்ணன், “இதுக்காவது ஒரு புத்தகம் இருந்தது” என்றார். அதே 2019இல்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் அதில் இருந்தன, இலங்கை இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான் என்கிறார் அவர். அவருடைய பெண் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து முடித்துவிட்டாள். அவளுக்கும் இந்த நாட்டின் புத்தகம் இல்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் புது பைக்குகளில்கூடப் பெரும்பாலும் கார்பரேட்டர் வருவதில்லை. எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது. கம்பி நுழைக்கத் துளை கிடையாது. அண்ணனுக்கு இப்போது வேலை குறைவு. முகாமில் பலரைப் போல அவரும் பெயிண்ட் அடிக்கப் போகிறார்.

ஜீப்பை உடைப்பதற்கு முன்னால் கார்பரேட்டரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். என் மேஜை மேல் இருக்கிறது. டச்சுக் கல்லறை பார்க்க வருகிற நண்பர்களுக்கு இப்போதெல்லாம் இதையும் காட்டுகிறேன். கையில் வாங்கி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பித்தளையில் 120 என்று தெளிவாகப் பொறித்திருக்கும். துளை இப்போது 120 இல்லை.