குழூஉக்குறியிலிருந்து கலைச்சொல்லுக்கு: ‘ஃபூபார்’ சொல்வரலாறு

முன்னுரை

ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் அடக்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடையே தோன்றிய முதலெழுத்துச் சொற்கள் இவ்வகையின. அவற்றுள் ஒன்றே கணினியியலில் ‘ஃபூ’, ‘பார்’ என வழங்குகிறது என்னும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

படைமுகாமில்

படை நிருவாகம் பதவிகளையும் பிரிவுகளையும் முதலெழுத்துகளாகச் சுருக்கி வழங்கியது. அவ்வழக்கத்தையே எள்ளி வீரர்கள் ஆக்கிய சொல் ‘ஸ்னாஃபு’. நிலைமை வழக்கம்போல்தான், எல்லாம் குலைந்து கிடக்கிறது என்பது அதன் கருத்து. 1941இல் இச்சொல் எழுத்தில் இடம்பெற்றது. சீர்செய்ய இயலாதவாறு சிதைந்தது எனப் பொருள்படும் ‘ஃபூபார்’ 1944இல் அச்சேறியது. இரண்டிலும் உள்ள வசைச்சொல்லுக்கு ஈடாக மென்சொல் இட்டு விரித்தெழுதியது இடக்கரடக்கலாகும். படைத்துறை 1943 முதல் 1945 வரை வெளியிட்ட பயிற்சிக் கேலிச்சித்திரப் படங்களின் நாயகன் ‘பிரைவேட் ஸ்னாஃபு’. நிருவாகத்தைப் பழிக்கப் பிறந்த சொல், கவனமற்ற வீரனின் பெயராக மாறியது.

கணினிக்கூடத்தில்

நிரல் எடுத்துக்காட்டுகளில் தனிப்பொருள் சுட்டாத பெயர்களாக ‘ஃபூ’, ‘பார்’ என்பன இடப்படுகின்றன. உரையாசிரியர்கள் சாத்தன், கொற்றன் என்று வழங்குவதை இது ஒத்தது. 2001 ஏப்ரல் 1 அன்று நகைச்சுவையாக வெளியான 3092ஆம் இணைய ஆவணம், ஏறத்தாழ 212 ஆவணங்களில் இச்சொற்கள் விளக்கமின்றி வருவதாகக் கணக்கிட்டது.

இவற்றைப் படைவழக்கின் நேர்வழித் தோன்றலாகக் கொள்வதற்குக் காலவரிசை தடையாகிறது. பில் ஹோல்மன் 1935இல் தொடங்கிய ‘ஸ்மோக்கி ஸ்டோவர்’ சித்திரத்தொடரில் ‘ஃபூ’ பொருளற்ற வேடிக்கைச் சொல்லாகப் பயின்றது. 1944இல் இரவு வான்படையினர் வானில் கண்ட இனந்தெரியாத ஒளிகளை ‘ஃபூ ஃபைட்டர்’ என்றனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாதிரி இரயில் மன்றத்தின் 1959ஆம் ஆண்டுச் சொற்பட்டியலிலும் ‘ஃபூ’ தனித்தே நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் படைச்சொல்லும் கணினிச்சொல்லும் வேறுபடுகின்றன.

முடிவுரை

எனவே ‘ஃபூ’ என்பதைப் ‘ஃபூபார்’ என்பதன் சிதைவாகக் கொள்ள இடமில்லை. முன்பே வழங்கிய சொல்லுடன் போர்க்காலச் சொல்லின் ஒலி பின்னர் இயைந்து, ‘பார்’ என்னும் இணை அமைந்தது எனக் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும். முதலெழுத்து விரிவு ஒரு சொல்லுக்குப் பொருந்துகிறது என்பதனாலேயே அதுவே அதன் பிறப்பு என்று ஆகிவிடாது. கலைச்சொற்களின் வேர் காண்போர் விரிவுக்கு முன் காலத்தை நோக்குதல் வேண்டும்.