மண்ணீரல் பெற்ற மதிப்பு

இடப்புற விலா எலும்புகளின் மறைவில், ஏறத்தாழ 150 கிராம் நிறையுடன் அமைந்துள்ள சிறிய உறுப்பு மண்ணீரல். கருமையான பித்தத்தை ஈர்த்துக் குருதியைத் தூய்மை செய்வது இவ்வுறுப்பே எனப் பண்டைய கிரேக்க வைத்தியரான கலென் கருதினார். எனினும், இதன் உண்மையான தொழில் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. விளங்காத காரணத்தால், இஃது இல்லாமலும் மனிதன் நலமே வாழ்வான் என்ற எண்ணம் வேரூன்றியது.

1826ஆம் ஆண்டில் ஜேர்மனியில் குவிற்றன்பவும் என்பவர் ஒரு பெண்ணின் மண்ணீரலை அகற்றினார், அப்பெண் பிழைக்கவில்லை. 1867இல் பாரிஸ் நகரில் பெயான் செய்த சத்திரசிகிச்சை வெற்றி பெற்றது. விபத்திற் சிதைந்த மண்ணீரல் பெருமளவு குருதியைப் பெருக்கும். அதன் மென்மையான திசுவில் தையலும் எளிதில் நில்லாது. ஆகவே, அதனை அகற்றுவதே உயிர்காக்கும் வழியாயிற்று. அகற்றுவதால் தீங்கேதும் விளையாதென 1911இல் சுவிற்சர்லாந்தின் புகழ்பெற்ற சத்திரவைத்தியர் கொக்கர் எழுதினார். அக்கொள்கை பல ஆண்டுகள் நிலைத்தது.

மண்ணீரலை இழந்த எலிகள் கிருமித் தொற்றுக்கு எளிதில் இரையாவதை 1919இல் மொரிஸ், புல்லொக் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1952இல் அமெரிக்காவில் கிங், ஷூமாக்கர் ஆகியோர் ஐந்து குழந்தைகளின் வரலாற்றை வெளியிட்டனர். செங்குருதிக் கலங்கள் சிதைந்துபோகும் பிறவி நோய்க்காக அவர்களுக்கு மண்ணீரல் அகற்றப்பட்டிருந்தது. பின்னர் அவர்கள் கொடிய தொற்றுகளுக்கு ஆளாகினர், இருவர் இறந்தனர். நோய்க்கு மருந்தெனச் செய்யப்பட்டதே வேறோர் ஆபத்துக்கு வாயிலைத் திறந்திருந்தது.

இதற்குக் காரணம் யாது? மண்ணீரல் குருதியை மெதுவாக வடிக்கும் ஒரு சல்லடை. நியூமோகொக்கஸ் போன்ற சில கிருமிகள் வழுவழுப்பான உறையைப் போர்த்துள்ளன. அவற்றை விழுங்கும் கலங்களும், அவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை விரைந்து ஆக்கும் கலங்களும் மண்ணீரலிற் செறிந்துள்ளன. அக்காவல் நீங்கினால், காலையிற் சாதாரண காய்ச்சலாகத் தோன்றுவது மறுநாளே உயிரைக் கவரவும் கூடும். 1973இல் சிங்கர் என்பவர் ஏறத்தாழ 2,800 நோயாளரின் விபரங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். 119 பேர் குருதி நஞ்சாதலுக்கு உள்ளாகி, அவருள் 71 பேர் இறந்திருந்தமை தெரியவந்தது. விபத்தினால் உறுப்பை இழந்தோரைவிட, தலசீமியா போன்ற குருதி நோயுடையோருக்கே ஆபத்து மிகுதியாயிருந்தது.

இவ்வறிவு சத்திரவைத்தியரின் கையைத் தடுத்து நிறுத்தியது. மண்ணீரலின் குருதிக்குழாய்கள் பகுதி பகுதியாகப் பிரிந்து செல்வதைப் பயன்படுத்தி, சிதைந்த பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முறையை 1962இல் பிறேசிலின் கம்போஸ் கிறிஸ்தோ வெளியிட்டார். குழந்தைகளின் மண்ணீரற் காயங்கள் பல கத்தியின்றியே ஆறுவதைக் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து உபாத்தியாயா, சிம்ப்சன் ஆகியோர் 1968இல் அறிவித்தனர். இன்று நோயாளியின் குருதியமுக்கம் நிலையாக இருக்குமாயின், படக்கருவிகளின் துணையோடு பொறுத்திருந்து கவனிப்பதே முதல் வழி. அகற்றிய உறுப்பின் துண்டுகளை வயிற்றுக் கொழுப்பு மடிப்பினுள் பதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அத்துண்டுகள் வளர்ந்தாலும், அவை தரும் காவல் முழு உறுப்பின் காவலுக்கு ஈடென நம்பியிருத்தல் இயலாது.

அகற்றுவது தவிர்க்க முடியாததாயின் என் செய்வது? இயன்றவரை இரு வாரங்கள் முன்னதாகவே தடுப்பூசிகள் ஏற்றப்படுகின்றன. அவசர சிகிச்சையாயின், பொதுவாக இரு வாரங்களின் பின் ஏற்றப்படுகின்றன. சிறுவர்க்குப் பெனிசிலின் நாள்தோறும் வழங்கப்படுகிறது. காய்ச்சல் கண்டவுடன், விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் அவர்தம் வாழ்நாள் முழுவதற்குமான கடமை. தலசீமியா நோயாளர் பலர் வாழும் இலங்கையிலும் இவ்வெச்சரிக்கை இல்லந்தோறும் அறியப்பட வேண்டியதாகும்.

ஓர் உறுப்பின் பயன் தெரியாதிருத்தல், அதற்குப் பயனில்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பாடத்தை மருத்துவ உலகு கற்றுக்கொள்ளப் பச்சிளம் குழந்தைகளின் உயிர்கள் விலையாயின.