ஆறேகால் கணக்கு

நாமக்கல் பக்கம் தீவன ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோழிப் பண்ணைக்காரர்களும் மில்காரர்களும் சோயாப் புண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சி.பி. எவ்வளவு வருது சார்?" சி.பி. என்பது கச்சாப் புரதம். சரக்கின் விலை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும், இறங்கும். 2007-ல் வட அமெரிக்காவில் வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்ததற்கு வேரும் அதே எண்தான்.

அந்த எண்ணை அளக்கும் முறை பிறந்தது ஒரு மதுத் தொழிற்சாலையில். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த யோஹான் கெல்டால், பார்லியில் உள்ள புரதத்தை அளக்க 1883-ல் ஒரு முறையை வெளியிட்டார். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒரு கிராம் மாதிரியை நீள்கழுத்துக் குடுவையில் போட்டு, அடர் கந்தக அமிலமும் கொஞ்சம் காப்பர் சல்ஃபேட்டும் சேர்த்துக் கொதிக்க வைப்போம். முதலில் தார் போலக் கறுக்கும். நேரம் போகப் போகத் தெளிந்து, காப்பர் சல்ஃபேட்டின் சாயலில் இளநீலமோ இளம்பச்சையோ ஆகும். பிறகு காரம் சேர்த்து, வெளிவரும் அம்மோனியாவைப் பிடித்து டைட்ரேட் செய்தால் நைட்ரஜன் எவ்வளவு என்று தெரியும். அதை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்த ஆறேகால்.

ஆனால், குடுவை பார்ப்பது நைட்ரஜனை மட்டும். அது தசையிலிருந்து வந்ததா, உரமூட்டையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. கருவாட்டுத் தூளில் யூரியாவைக் கலந்து சி.பி.யை ஏற்றும் வித்தை எங்களுக்குப் பழக்கம். அதனால் யூரியாவுக்குத் தனிச் சோதனை வைத்திருந்தோம். மெலமைனை எங்களில் யாரும் நினைக்கவில்லை. தட்டும் பலகையும் செய்கிற அந்த வெள்ளைத் தூளில் 66 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன். நூறு கிராம் மெலமைன், ஆறேகால் கணக்கில் 416 கிராம் புரதமாகிவிடும்!

செல்லப்பிராணிகளுக்கென்று தீனி விற்பது அப்படியொன்றும் பழைய தொழில் இல்லை. இடிதாங்கி விற்க அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட், 1860 வாக்கில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். 1920-களில் அமெரிக்காவில் குதிரை இறைச்சி டப்பாவில் அடைபட்டது. பிறகு குழம்பில் மிதக்கும் இறைச்சித் துண்டு மாதிரியான சரக்கு பிரபலமானது. துண்டு உதிராமல் பிடிக்கவும் குழம்பு கெட்டியாகவும் கோதுமைக் குளூட்டன் வேண்டும். எங்கே மலிவோ அங்கே வாங்கினார்கள்.

கனடாவின் மெனு ஃபுட்ஸ் பல கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தயாரித்துக் கொடுத்த நிறுவனம். 2007 மார்ச் 16-ல் அது சுமார் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. லேபிளில் ஏறத்தாழ நூறு பெயர்கள். உள்ளே ஒரே சரக்கு. மலிவு டப்பா வாங்கியவரும் விலையுயர்ந்த டப்பா வாங்கியவரும் ஒரே மருத்துவமனை வாசலில் நின்றார்கள். முதலில் எலி மருந்து என்றார்கள். மார்ச் 30-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெலமைன் என்று அறிவித்தது. சீனாவிலிருந்து குளூட்டன் என்ற பெயரில் வந்தது குளூட்டனே அல்ல, மெலமைன் கலந்த கோதுமை மாவு என்பது மே மாதம் தெரிந்தது.

மெலமைன் தனியாக அவ்வளவு கொடிய நஞ்சல்ல. அதோடு சயனூரிக் அமிலமும் கலந்திருந்தது. இரண்டும் சிறுநீரகக் குழாய்களில் சந்தித்துக் கரையாத படிகங்களாக உறைந்து வழியை அடைத்தன. 2004-ல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் இதேபோல் செத்திருந்தன. பழியைப் பூஞ்சை நஞ்சின் மேல் போட்டிருந்தார்கள். பத்திரப்படுத்திய அந்தத் திசுக்களை 2007-ல் மறுபடி பார்த்தபோது, அதே இரண்டு பொருள்களும் இருந்தன.

நாய்த் தீனியோடு போகட்டும் என்றால் போகவில்லை. ஆலைகளில் மிஞ்சிய கழிவு பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகியிருந்தது. இண்டியானா மாநிலத்தில் லட்சக்கணக்கான கோழிகள் அதைத் தின்றிருந்தன. அடுத்த ஆண்டு சீனாவில் தண்ணீர் கலந்த பாலின் புரத எண்ணைத் தூக்கிக் காட்ட இதே தூளைக் கலந்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. 2008 அக்டோபரில் ஹாங்காங்கில் சீன முட்டையிலேயே மெலமைன் பிடிபட்டது. முட்டையூர்க்காரனான எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்தச் செய்திதான் உறைத்தது. நாய்கள் கொடுத்த எச்சரிக்கையைத் தீனிச் சமாச்சாரம் என்று ஒதுக்காமல், ஆறேகாலை நம்பி விலை போகிற எல்லாச் சரக்கையும் அன்றே சோதித்திருக்கலாம்.

அமெரிக்காவில் தீவன அதிகாரிகளின் சங்கம் 1909-லேயே வந்துவிட்டது. ஆனால் அது முன்மாதிரி விதிகளை எழுதித் தரும். அமல்படுத்துவது மாநிலங்களின் வேலை. 2007-ல் கெட்ட தீனியைத் திரும்பப் பெறும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம்கூட உணவு மருந்து நிர்வாகத்திடம் இல்லை. கம்பெனி தானாக முன்வர வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த சட்டம், செல்லப்பிராணி உணவின் மூலப்பொருள்களுக்கு இரண்டு ஆண்டுக்குள் தரநிலை வகுக்கச் சொன்னது. தரநிலை வரவில்லை; 2018-ல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். கட்டாயமாகத் திரும்பப் பெறவைக்கும் அதிகாரம் 2011-ல் கிடைத்தது. ஆலைகள் ஆபத்தை முன்கூட்டியே கண்டு தடுக்க வேண்டும் என்ற விதி 2015-ல் வந்தது.

நம் ஊரில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே கால்நடைத் தீவனத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. சட்டம் கட்டிய வேலி அது. சரக்குக்கு அந்த வேலி தெரியாது; நாய் டப்பாவில் இருந்த அதே தூள் கோழித் தொட்டியிலும் பால்பொடியிலும் எளிதாக நுழைந்தது.

மெலமைனுக்கு இன்று சோதனை இருக்கிறது. அடுத்து எவன் எந்தத் தூளைக் கண்டுபிடிப்பானோ, அதற்கு முதல் நாளில் சோதனை இருக்காது. ஆய்வுக்கூடம் எதைச் சந்தேகிக்கிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் போதாது. இந்த மாவு எந்த ஆலையில் அரைத்தது, யார் கை மாறி வந்தது என்று பில்லோடு கேட்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு வேண்டும். அது நாய்த் தீனி மூட்டைக்கும் செல்ல வேண்டும்.