எழுத்தைப் பொதுவாக்கு, நேரத்தைப் பிரித்தெழுது: மடவளையில் ஒரு தொழுகை நேரச் செயலியும் பொது இடைமுகக் கருவிகளும்

ஒருமுறை எழுதிய நிரலைக் கொண்டு ஆண்ட்ராய்ட், ஐபோன் ஆகிய இரண்டிலும் ஒரே திரையைக் காட்டும் கருவிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மிச்சக் கணக்கோடு நின்றுவிடுகிறது. எத்தனை விழுக்காடு நிரல் பொதுவாயிற்று, எத்தனை மாத வேலை குறைந்தது என்பவையே கேள்விகள். பெரிய நிறுவனங்களுக்கு அந்தக் கணக்குப் போதும். தமிழும் சிங்களமும் அரபும் ஒரே திரையில் வரவேண்டிய ஓர் ஊருக்கு அது போதாது. எந்தப் பொறுப்பு தொலைபேசியிடம் இருக்கிறது, எது செயலியை ஆக்கியவரிடம் வந்து சேர்கிறது என்று அங்கே கேட்டாக வேண்டும். செயலி ஆக்குவோரின் இன்றைய வழக்கம் இந்தப் பொறுப்புகளைத் தலைகீழாகப் பங்கிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். எழுத்தைத் தொலைபேசியின் போக்கில் விட்டுவிட்டு, நேர அறிவிப்பை ஒரு பொதுச் செருகுநிரலிடம் ஒப்படைக்கிறார்கள். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு.

ஆய்வுக்கு மடவளையை எடுத்துக்கொள்கிறேன். இலங்கையின் கண்டிக்கு வடகிழக்கே, வத்தேகமைக்குப் போகும் வழியில், தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர் இது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். மதீனா தேசிய பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளை சந்தியில் சிங்களப் பலகையை வாசிக்கும், வீட்டில் அரபில் துஆ (வேண்டுதல்) ஓதும். இப்படிப்பட்ட வீட்டில் அன்றாடம் திறக்கப்படும் தொழுகை நேரச் செயலி என்ற வகையைத்தான் இங்கே சோதிக்கிறேன். எந்தவொரு தனிச் செயலியையும் அல்ல.

இடைமுகத்தைத் தளத்திடம் வரையச் சொல்வது, கருவியே வரைவது என்ற இரண்டு வழிகளின் பகை பழையது. 1990களின் நடுவில் வந்த ஜாவாவின் முதல் இடைமுகத் தொகுப்பான ஏ.டபிள்யு.டி, பொத்தானையும் பட்டியலையும் அந்தந்த இயங்குதளத்திடமே வரையச் சொன்னது. எல்லாத் தளங்களிலும் இருப்பதை மட்டுமே அதனால் தரமுடிந்தது. அடுத்து வந்த ஸ்விங் எல்லாவற்றையும் தானே வரைந்தது. எங்கும் ஒரே தோற்றம் கிடைத்தது. எந்தத் தளத்திலும் அது அந்தத் தளத்துக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. இன்றைய கருவிகளும் இதே இரு கிளைகளில்தான் நிற்கின்றன. ஃபேஸ்புக் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் தொலைபேசியின் சொந்த உறுப்புகளை அழைக்கிறது. கூகுளின் ஃப்ளட்டர், 2018 டிசம்பரில் 1.0 பதிப்பாக வந்தபோதே, ஒவ்வொரு புள்ளியையும் தன் சொந்த இயந்திரத்தால் வரைந்தது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் கம்போஸ் மல்டிபிளாட்ஃபோர்ம் இடைநடுவில் இருக்கிறது. ஐபோனுக்கு 2025இல்தான் நிலைபெற்ற இந்தக் கருவி, ஆண்ட்ராய்டில் அத்தளத்தின் எழுத்து அமைப்பைப் பயன்படுத்துகிறது. ஐபோனில் எழுத்தையும் தானே வரைகிறது. ஒரே நிரலில் உள்ள ஒரே தமிழ் வாக்கியம் இரண்டு வெவ்வேறு பாதைகளில் திரைக்கு வருகிறது என்று பொருள். ஆங்கிலத்துக்கு மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது.

தமிழுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் என்ற தமிழ்க் குறுஞ்செய்திச் செயலி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானபோது, அன்றைய ஜாவாத் தொலைபேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. செயலிதான் எழுத்தைச் சுமந்து சென்றது. குறுஞ்செய்தி பெறுபவரிடமும் அதே செயலி இருந்தால்தான் வாசிக்க முடியும். அது அழகியல் தேர்வு அல்ல. எழுத்தைத் தானே வரைவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் இதை மொழிப்பற்றின் வெற்றியாக மட்டும் பதிவுசெய்கிறார்கள். மென்பொருள் கட்டமைப்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவாகவும் அதைப் படிக்கவேண்டும் என்பேன்: தளம் கைவிட்ட இடத்தில் பொறுப்பைச் செயலி ஏற்றது.

இன்று எல்லாத் தொலைபேசியிலும் தமிழ் உண்டே, இன்னும் எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். உண்டு; ஆனால் ஒரே தமிழ் அல்ல. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உள்ள தமிழ் எழுத்துருக்கள் அகலத்திலும் உயரத்திலும் வேறுபடுகின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒன்றில் வரிக்குள் அடங்கும் பொத்தான் மற்றதில் இரண்டு வரியாகி, கீழ்வரி பாதியில் வெட்டுப்படுகிறது. வயதானவர்கள் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். அங்கே இது இன்னும் மோசம். அரபு வந்தால் நிலைமை மாறியே போகிறது. உயிர்க்குறிகளோடு எழுதிய அரபு வரிக்கு மேலும் கீழும் அதிக இடம் வேண்டும். தமிழ் வாக்கியத்தின் நடுவே வலமிருந்து இடமாக ஓடும் சொற்றொடர் நுழைந்ததும், அதன் ஓரத்தில் நிற்கும் அடைப்புக்குறியும் வசன எண்ணும் இடம் மாறி உட்காரக்கூடும். குர்ஆன் வசனத்தில் ஒரு குறி தவறான எழுத்தின் மேல் நிற்பதை வாசகர் அழகுக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார். அது ஓதலையே பிழையாக்கும். மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹத் அச்சகம் முஸ்ஹஃபுக்கென்றே (குர்ஆன் பிரதிக்கென்றே) எழுத்துரு வெளியிட்டிருப்பது இதனால்தான்.

ஆகவே எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே வைத்து, அதை இரண்டு தளங்களிலும் ஒரே இயந்திரத்தால் அமைப்பதே இத்தகைய செயலிக்குப் பொருத்தம். தானே வரையும் கருவிகளின் உண்மையான பெறுமதி இங்கேதான். ஃப்ளட்டர் இரு தளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்தமைப்பு நூலகத்தை நம்புகிறது. ஆனால் எழுத்துருவைச் சேர்க்காமல் விட்டால் அதுவும் தொலைபேசியில் உள்ளதைத்தான் எடுக்கும். பலர் அந்த இடத்தில் நின்றுவிட்டு, பொதுத் தோற்றம் கிடைத்துவிட்டதாக எண்ணுகிறார்கள். நோட்டோ குடும்பத்தின் தமிழ், சிங்கள எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பருமனும் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

எழுத்தின் பொறுப்பு வரைவதோடு முடிவதில்லை. கணினிக்கு ‘மடவளை’ ஐந்து குறிகள், வாசிப்பவருக்கு நான்கு எழுத்துகள். இடம் போதாதென்று நான்கு குறிகளோடு வெட்டும் நிரல் ‘மடவள’ என்று காட்டும். ‘கொழும்பு’வில் நான்கு எழுத்து, எட்டுக் குறி, கொகரத்தை இரண்டு துண்டாகச் சேமித்திருந்தால் ஒன்பது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. இக்கருவிகளுக்கு நிரல் எழுதப் பயன்படும் டார்ட், கொட்லின், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று மொழிகளும் இயல்பாகக் குறிகளையே எண்ணுகின்றன. எழுத்தை எண்ண வேண்டுமானால் தனியே சொல்லவேண்டும். இத்தகைய வேலையை ஒருமுறை, ஒரே இடத்தில், சரியாகச் செய்துவிட்டு இரு தளங்களுக்கும் பகிர்வதே பொது நிரலின் நியாயம்.

தானே வரையும் வழிக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக்கூடாது. வரைந்த எழுத்து தொலைபேசிக்கு வெறும் படம். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் டோக்பேக், வொய்ஸ்ஓவர் போன்ற வசதிகளுக்கு அதில் எதுவும் புலப்படாது. எனவே திரையின் பொருளை விவரிக்கும் இணைமரம் ஒன்றை இக்கருவிகள் தனியே கட்டுகின்றன. படமாக வைத்த பொத்தானுக்குத் தமிழ்ப் பெயர் கொடுக்க மறந்தால், அந்த மரத்தில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கும். பெயரிடுவது யாரும் பாராட்டாத வேலை. அதைச் செய்யாதவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் தகுதியை இழக்கிறார் என்பது என் கருத்து.

இனி நேரம். தொழுகை நேரம் சூரியனின் நிலையிலிருந்து கணிக்கப்படுவது. அகலாங்கு, நெட்டாங்கு, தேதி ஆகியவற்றோடு கணிப்பு முறையும் தெரிந்தால் போதும். தூய கணிதமான இந்தப் பகுதியைப் பகிர்வதில் எந்தத் தடையுமில்லை. தடை முன்னமைவுகளில் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாஃபி மத்ஹபினர் (சட்டப்பள்ளியினர்). நிழல் ஒரு மடங்கு கூடியதும் அவர்களுக்குப் பிற்பகல் தொழுகையான அஸர். ஹனஃபி முறையில் இரண்டு மடங்கு. ஹனஃபி முன்னமைவோடு வெளிநாட்டிலிருந்து வரும் செயலி மடவளையில் அஸரை வெகுநேரம் தள்ளிக் காட்டும். ஹிஜ்ரித் தேதி இதைவிட நுட்பமானது. ஜாவாவும் ஆப்பிளும் தரும் நாட்காட்டிகளில் சவூதியின் உம்முல் குரா கணிப்பு ஆயத்தமாக இருக்கிறது. நம் நாட்டிலோ கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமயப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடி, பிறை கண்ட தகவலைக் கொண்டு மாதப் பிறப்பை அறிவிக்கின்றன. 29ஆம் நாள் மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) பின் வரும் அந்த அறிவிப்பை எந்த நூலகமும் முன்கூட்டித் தரமுடியாது. செயலியில் அதற்கு ஓர் இடம் வைத்திருக்கவேண்டும்.

கணித்த நேரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கை ஒலிக்கச் செய்வதுதான் இரு தளங்களும் முற்றாகப் பிரியும் இடம். ஐபோன் ஒரு செயலிக்கு அடுத்து வரவிருக்கும் 64 அறிவிப்புகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். நாளொன்றுக்கு ஐந்து வக்துக்கு (தொழுகை வேளைக்கு) அது 12 நாள், மிச்சம் நான்கு. இரண்டு வாரம் செயலியைத் திறக்காதவருக்குப் பாங்கு நின்றுவிடும், ஏன் என்று அவருக்குத் தெரியாது. அறிவிப்பொலி 30 விநாடிக்குள் இருக்கவேண்டும் என்பதால் முழுப் பாங்கும் அதில் அடங்காது. ஆண்ட்ராய்டின் தொல்லை வேறு வகை. 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் தொலைபேசி உறக்கநிலைக்குப் போய்ச் சாதாரண நினைவூட்டல்களைத் தள்ளிப்போடுகிறது. துல்லியமாக எழுப்ப வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும்; 14ஆம் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. விடியற்காலைத் தொழுகையான சுபஹுக்குத்தான் இந்தப் பிழை முதலில் புலப்படும், ஏனெனில் இரவு முழுதும் தொலைபேசி அசையாமல் கிடக்கிறது.

பொதுச் செருகுநிரல் இந்த இரண்டு உலகங்களையும் ஒரே கட்டளைக்குள் அடக்குகிறது. ‘இந்நேரத்தில் அறிவி’ என்று எழுதினால் வேலை முடிந்தது போலிருக்கும். ஆனால் ஒரு தளத்தில் அது எண்ணிக்கை வரம்புக்கும் மற்றதில் அனுமதிக்கும் கட்டுப்பட்டது. அந்த வேறுபாடு அக்கட்டளையில் எங்கும் தெரிவதில்லை. தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பி 2018இல் ரியாக்ட் நேட்டிவைக் கைவிடுவதாக அறிவித்தபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, இரண்டு தளங்களுக்குப் பதில் மூன்றைப் பராமரிக்கவேண்டியதாயிற்று என்பது. பெரிய குழுவே தடுமாறிய இடத்தில் இரண்டு பேர் கொண்ட கண்டிக் குழு செருகுநிரலின் இந்த மறைப்பை நம்புவது ஆபத்து. அறிவிப்புப் பகுதியைக் கொட்லினில் ஆண்ட்ராய்டுக்கு ஒருமுறை, ஸ்விஃப்டில் ஐபோனுக்கு ஒருமுறை என இரண்டாக எழுதவேண்டும். அனுமதி இல்லையென்றால் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் திரையும் தளத்துக்கொன்றாக இருக்கவேண்டும். சில நூறு வரிகள்தான்.

செயலியே எதற்கு, வலைப்பக்கம் போதாதா என்ற மறுப்பு வலுவானது. 2022 ஜூலையில் தொடங்கிய எரிபொருள் பங்கீட்டு முறையான தேசிய எரிபொருள் அனுமதி அதற்குச் சிறந்த சான்று. வாகனக்காரர் எந்தச் செயலியையும் நிறுவவேண்டியிருக்கவில்லை. வலைத்தளத்தில் பதிந்து கியூஆர் குறியைப் பெற்றார். பலர் அதைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டார்கள். முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கிட அதுவே போதுமாக இருந்தது. தொலைபேசியின் வகை பொருட்டாகவே இல்லாமற் போன அந்த வடிவமைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். காட்டினால் போதும் என்ற தேவைக்கு அதுவே சரி. குறித்த நேரத்தில் எழுப்பவேண்டிய தேவைக்கு அது உதவாது. ஐபோனில் வலைச்செயலிகளுக்கு 2023இல் கிடைத்த அறிவிப்பு வசதி, வழங்கியிலிருந்து இணையம் வழியாக வருவது. அதே 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டுகளைப் பார்த்த ஊர் இது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனயில் நடந்த வன்செயல்களின்போது சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டதும் இந்த மாவட்டத்து மக்களுக்கு நினைவிருக்கும். சுபஹ் நேரம் இணையத்தை நம்பி இருக்கலாகாது.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். பொது நிரல் எழுதினாலும் ஐபோனுக்கான பதிப்பைக் கட்ட மெக் கணினி வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். கூகுளுக்கு ஒரேயொரு முறை 25. ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தபோது ஏறக்குறைய 19,800 ரூபாவாக இருந்த ஆண்டுக் கட்டணம், 2022இல் டொலர் 360ஐத் தொட்டபோது 35,640 ஆயிற்று. இலவசமாகப் பகிரப்படும் சமயச் செயலிக்கு இது கையிலிருந்து போகும் பணம். இரண்டு முழுச் செயலிகளை எழுத இயலாத நிலையில் பொது இடைமுகம் ஆடம்பரமல்ல. அது இல்லாவிட்டால் ஐபோன்காரருக்கு எதுவுமே கிடைக்காது. வளைகுடாவில் வேலைசெய்யும் மகன் ஐபோனிலும், ஊரில் தாய் பழைய ஆண்ட்ராய்டிலும் ஒரே துஆவை ஒரே எழுத்தில் பார்க்கவேண்டுமானால் அந்தப் பகுதியைப் பகிர்ந்தே ஆகவேண்டும்.

மிச்சமாகும் உழைப்பை எங்கே செலவிடுவது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் சோதனை: மலிவான ஆண்ட்ராய்டிலும் பழைய ஐபோனிலும், எழுத்தளவை உச்சத்துக்குக் கூட்டி, மூன்று மொழியிலும். அடுத்தது, 12ஆம் நாள் முடியுமுன் அறிவிப்புகளைப் புதுப்பிக்கும் ஏற்பாடும், புதுப்பிக்க முடியாவிட்டால் கடைசி அறிவிப்பாக ‘செயலியை ஒருமுறை திறக்கவும்’ என்று தமிழில் சொல்லும் வரியும். ஐந்து வக்துக்கு அறுபது போக மிஞ்சும் நான்கு இடங்களில் ஒன்றை அந்த வரிக்கு ஒதுக்கலாம்.