கவுன்ட்டவுன் நிற்கும்போது: ஆளில்லா விண்கல ஏவுதல்களை ஆர்வலர்கள் பின்தொடர்ந்த வரலாறு

ஆளில்லா விண்கலம் ஒன்று புறப்படும் நாளில் அதன் கவுன்ட்டவுனை இணையத்தில் விடாமல் பின்தொடரும் கூட்டம் இன்று உலகெங்கும் இருக்கிறது. இந்தப் பழக்கத்தின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் நேரலைப் படத்திலிருந்தே தொடங்குகிறார்கள். தொழில்நுட்பம் வளர்ந்தது, படம் தெளிவானது, பார்வையாளர் பெருகினர் என்று கதை சுலபமாக முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. ராக்கெட் கிளம்பும் காட்சியைத் தொலைக்காட்சி எப்போதோ வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. இணையம் கூடுதலாகக் கொடுத்தது அதற்கு முந்தைய மணிநேரங்களை. கடிகாரம் ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நிற்கும், இன்று மறுபடி ஓடுமா என்பதை ஏவுதளக் குழுவோடு ஏறத்தாழ ஒரே வேளையில் அறிய ஆர்வலருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாய்ப்பு எப்படி உருவானது, எங்கெங்கே மறுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பின்னோக்கி எண்ணி ராக்கெட்டை ஏவுவதைத் திரையில் நிலைநிறுத்திய பெருமை ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'ஃப்ராவ் இம் மோண்ட்' என்ற ஊமைப்படத்துக்கே பொதுவாகத் தரப்படுகிறது. 1929 அக்டோபரில் பெர்லினில் வெளியான அப்படத்துக்கு ராக்கெட் இயலின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் ஓபெர்த் ஆலோசகராக இருந்தார். குரலில்லாத படத்தில் எண்கள் எழுத்துப் பலகைகளாக வந்தன. படத்தில் பதைபதைப்பை உண்டாக்கிய இந்த உத்தி, உண்மையான ஏவுதளத்தில் வேலை ஒழுங்குக்கான கருவியாக இருக்கிறது. எரிபொருள் நிரப்புவது, மின்கலத்துக்கு மாறுவது, தொலைத்தொடர்பைச் சரிபார்ப்பது என ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். தாமதமான வேலை முடியட்டும் என்பதற்காகவே சில இடங்களில் கடிகாரத்தை நிறுத்திவைக்கவும் திட்டத்திலேயே இடம் உண்டு. இதைத்தான் ஹோல்டு என்கிறார்கள். எதிர்பாராத கோளாறு வந்தால் திட்டத்தில் இல்லாத ஹோல்டும் வரும். வெளியாளுக்கு அது வெறும் தாமதம். உள்ளே இருப்பவருக்கோ கவுன்ட்டவுனின் மிக முக்கியமான பகுதியே அதுதான்.

விண்வெளி யுகத்தின் தொடக்கத்தில் இந்தக் கடிகாரம் சோவியத் ஒன்றியத்தில் மூடியும் அமெரிக்காவில் பாதி திறந்தும் இருந்தது. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏவப்பட்டதை அது சுற்றுப்பாதையை அடைந்த பிறகே உலகம் அறிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் வான்கார்டு ராக்கெட் செய்தியாளர்களின் கண்முன்னே ஒரு மீட்டரை ஒட்டிய உயரம் எழும்பி, அங்கேயே விழுந்து வெடித்தது. பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. ஆனாலும் தோல்வி நேரலாம் என்று தெரிந்தே ஆட்களை அழைத்துப் பார்க்கவைக்கும் வழக்கத்தை அமெரிக்கா கைவிடவில்லை. பிற்கால இணையக் கவுன்ட்டவுனுக்கு அடித்தளம் இந்த வழக்கமே.

மூடிய கதவுக்கு வெளியே நின்ற ஆர்வலர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். 1966 பிப்ரவரியில் நிலவில் இறங்கிய லூனா-9 அனுப்பிய சமிக்ஞைகளை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி பிடித்தது. செய்தித்தாள் அலுவலகங்கள் படம் அனுப்பப் பயன்படுத்தும் முறையை அந்த ஒலி ஒத்திருப்பதைக் கவனித்தவர்கள், டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழிடமிருந்து கருவியை வாங்கி வந்து பொருத்தினார்கள். நிலவின் தரை காகிதத்தில் விழுந்தது. சோவியத் தரப்பு வெளியிடும் முன்பே படங்கள் பிரிட்டனில் அச்சேறின. அதே ஆண்டு, இங்கிலாந்தின் கெட்டரிங் நகரத்துப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி தம் மாணவர்களோடு சிற்றலை வானொலியில் சோவியத் செயற்கைக்கோள்களைக் கேட்டுவந்தார். அவற்றுள் சில அதுவரை அறியப்பட்ட ஏவுதளத்திலிருந்து கிளம்பியிருக்க முடியாது என்பதைச் சுற்றுப்பாதைக் கணக்கே காட்டியது. பிளெசெட்ஸ்க் என்ற ரகசிய ஏவுதளம் இப்படித்தான் ஒரு பள்ளியிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது. ஏவும் நேரத்தை முன்கூட்டி அறிய வழியில்லாததால், நடந்து முடிந்ததிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அதைக் கண்டுபிடிப்பதே அன்றைய ஆர்வலரின் வேலை.

அமெரிக்காவிலும் நிலைமை முழுக்கச் சாதகமாக இல்லை. 1965 மார்ச்சில் ரேஞ்சர்-9 நிலவில் மோதும்வரை அனுப்பிய படங்கள் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது உண்மை. ஆனால் மனிதர் பயணிக்காத கலத்தின் ஏவுதலுக்குத் தொலைக்காட்சி ஒதுக்கியது செய்தியில் சில நொடிகளே. போதாக்குறைக்கு, 1978-இல் வெள்ளிக்குக் கலங்கள் சென்ற பிறகு 1989 மே வரை அமெரிக்கா எந்தக் கோளுக்கும் புதிய கலத்தை அனுப்பவில்லை. அடுத்து வந்த மெகெல்லனும் கலிலியோவும் விண்ணோடத்தின் சரக்கறையில் போயின. பார்த்தவர்களின் கவனம் இயல்பாகவே உள்ளே இருந்த வீரர்களின் மேல் இருந்தது. 1992-இல் மார்ஸ் அப்சர்வருடன் கோள் ஆய்வுக் கலங்கள் மறுபடி ஆளில்லா ராக்கெட்டுகளுக்குத் திரும்பின. உலகளாவிய வலை வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியதும் இதே ஆண்டுகளில்தான். இந்த இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல் இல்லாமல் பின்னர் நடந்தவற்றை விளக்க முடியாது என்பது என் துணிபு.

வலையின் வீச்சை நிறுவியது மார்ஸ் பாத்ஃபைண்டர். 1997 ஜூலை 4 அன்று அது செவ்வாயில் இறங்கியதும், அதன் பக்கங்கள் முதல் மாதத்தில் 56.6 கோடி 'ஹிட்'களைப் பெற்றன. ஜூலை 8 அன்று மட்டும் 4.7 கோடி. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படமும் தனி ஹிட்டாக எண்ணப்பட்டதால் இதை ஆள் கணக்காகக் கொள்ளக் கூடாது. பல நூல்களில் இந்தக் குழப்பம் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 15 அதிகாலையில் சனிக்குப் புறப்பட்ட காசினியில் 6,16,400 பேரின் கையொப்பங்கள் ஒரு வட்டில் பதிந்து சென்றன. கையொப்பம் போட்டவருக்கு அது வெறும் செய்தியல்ல, தம் பெயர் போகும் வண்டி. அதற்கு இரண்டு நாள் முன்பு உயரக்காற்று பலமாக இருந்ததால் ஏவுதல் தள்ளிப்போனது. 33 கிலோ புளூட்டோனியம் சுமந்த கலம் என்பதால் எதிர்ப்பாளர்களும் அதே கடிகாரத்தைக் கவலையோடு கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்நாளைய வீட்டு இணைய வேகத்தில் நேரலைப் படம் தீப்பெட்டி அளவில் வரும், அதுவும் திக்கித்திக்கி. ஆகவே ஆர்வலரின் உண்மையான ஊடகம் எழுத்தாகவே இருந்தது. 1999-இல் தொடங்கிய ஸ்பேஸ்ஃப்ளைட் நவ் இதற்கு நல்ல சான்று. ஏவும் நாளில் அதன் பக்கத்தில் கிரீன்விச் நேரமும் உள்ளூர் நேரமும் போட்டு, புதியது மேலே வருமாறு குறிப்புகள் அடுக்கப்படும். எரிபொருள் எவ்வளவு நிரம்பியது, மேகத்தின் உயரம் என்ன, புறப்படலாம் என்று யார் 'கோ' சொன்னார்கள், யார் இன்னும் சொல்லவில்லை என்று நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்துகொண்டே போகும். பொறியாளர்கள் காதொலிக் கருவியில் கேட்டதன் சாரம் அது. தொலைக்காட்சிக்கு வெற்று நேரமாகத் தெரிந்த ஹோல்டில்தான் இந்தப் பக்கத்தில் எழுத்து குவியும்.

இந்த வடிவத்தின் முழு வலிமையும் தெரிந்தது 2006 ஜனவரியில், நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவுக்குப் புறப்பட்டபோது. கோளுக்குப் போகும் கலத்துக்கு நாள் குறிப்பது வானம். பிப்ரவரி 2-க்குள் கிளம்பினால் வியாழனின் ஈர்ப்பால் உந்தப்பட்டுச் சீக்கிரமாகச் சேரலாம். தவறினால் வருகை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். இது தெரிந்தவருக்கு ஒவ்வொரு ஹோல்டும் கனத்தது. ஜனவரி 17 அன்று கேப் கனாவெரலில் காற்று ஓயவில்லை. தரைக்காற்றுக்கு 33 நாட் என்பது வரம்பு. புறப்படும் நேரம் மாற்றி மாற்றி அறிவிக்கப்பட்டது, கடைசியில் அன்றைய முயற்சியே கைவிடப்பட்டது. மறுநாள் தடை வந்தது ஏவுதளத்திலிருந்து அல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மேரிலாந்தில், கலத்தைக் கட்டுப்படுத்தும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் புயலால் மின்சாரம் போயிருந்தது. ராக்கெட் ஒரு கம்பம் போலத் தனியாக நிற்பதில்லை, தொலைதூரக் கட்டடங்களோடும் மனிதர்களோடும் கட்டுண்டு நிற்கிறது என்பதைப் பின்தொடர்ந்தவர்கள் அன்று கண்ணால் கண்டார்கள். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஜனவரி 19 அன்று தாழ்ந்த மேகங்கள் மீண்டும் நேரத்தைத் தின்றன. பிற்பகல் சரியாக 2 மணிக்கு அட்லஸ்-5 எழுந்தது.

புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைடு டோம்பாவின் அஸ்தியில் ஒரு சிறு பகுதி கலத்தில் இருந்தது. அவருடைய மனைவி பட்ரீசியா ஏவுதலைக் காண வந்திருந்தார். 4,34,738 பெயர்கள் ஒரு குறுவட்டில் இருந்தன. சுமார் 9 மணி நேரத்தில் கலம் நிலவின் பாதையைத் தாண்டியது. மூன்று நாள் காத்திருந்தவர்களுக்கு அந்த வேகம் எப்படி இருந்திருக்கும்!

அடுத்த மாற்றம் விரைவாக நடந்தது. 2008-இல் செவ்வாய்க்குச் சென்ற ஃபீனிக்ஸ் கலத்தின் பெயரில் ட்விட்டர் கணக்கு தொடங்கி, கலமே பேசுவது போல எழுதினார்கள். 2011 ஆகஸ்ட் 5 அன்று ஜூனோ வியாழனுக்குக் கிளம்பியபோது ட்விட்டரில் பின்தொடர்ந்த 150 பேரை நாசா ஏவுதளத்துக்கே அழைத்தது. அன்று ஹீலியம் தொடர்பான ஐயமும், தடைசெய்யப்பட்ட கடற்பகுதிக்குள் நுழைந்த ஒரு படகும் சேர்ந்து 51 நிமிடம் தாமதப்படுத்தின. சீனாவின் பாதை வேறு. 2018 டிசம்பரில் நிலவின் மறுபக்கத்தில் முதன்முதலாக மென்மையாகத் தரையிறங்கவிருந்த சாங்'இ-4 புறப்பட்டதை அரசுத் தொலைக்காட்சி நேரலையில் காட்டவில்லை. விமானங்களுக்கு விடுக்கப்படும் வான்வெளித் தடை அறிவிப்பிலிருந்து நேரத்தைக் கணித்த ஆர்வலர்கள் தமக்குத் தாமே ஒரு கவுன்ட்டவுன் அமைத்துக்கொண்டார்கள். பெர்ரியின் மாணவர்கள் செய்ததன் தொடர்ச்சி இது. திறந்த ஏவுதல் என்பது காலப்போக்கில் தானாக வந்துவிடுவதில்லை, ஒவ்வொரு நாடும் தீர்மானித்துத் தருவது.

இந்தியாவில் அந்தத் தீர்மானம் படிப்படியாகவே நடந்தது. 2008 அக்டோபர் 22 காலை 6.22 மணிக்குச் சந்திரயான்-1 புறப்பட்டதைப் பெரும்பாலோர் தூர்தர்ஷனில் பார்த்தார்கள். அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை என்பதால் தமிழ்நாட்டில் தனி உற்சாகம் இருந்தது. 2013-இல் செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யான் இணையத்துக்குப் பெரும் வாசலைத் திறந்தது. முதலில் அக்டோபர் 28 என்று குறிக்கப்பட்ட ஏவுதல், ராக்கெட்டைத் தென் பசிபிக்கிலிருந்து கண்காணிக்க வேண்டிய நாளந்தா, யமுனா கப்பல்களில் ஒன்று மோசமான வானிலையால் குறித்த இடத்தை அடையத் தாமதமானதால் தள்ளிப்போனது. 56 மணி 30 நிமிடக் கவுன்ட்டவுன் நவம்பர் 3 காலை 6.08-க்குத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு மறுநாள் அது. இரண்டாம், நான்காம் கட்டங்களில் திரவ எரிபொருள் நிரப்பப்படுவதை இஸ்ரோ முகநூலில் தெரிவிக்க, விடுமுறையில் இருந்த மாணவர்கள் அதைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஹோல்டின் கசப்பை இந்திய ஆர்வலர் முழுமையாக அனுபவித்தது 2019 ஜூலை 15 அதிகாலையில். சந்திரயான்-2 ஏவுதல் 2.51 மணிக்கு. குடியரசுத் தலைவர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருந்தார். தூக்கத்தைத் துறந்து லட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருக்கையில் கடிகாரம் நின்றது. ஏன் என்று சிறிது நேரம் எவரும் சொல்லவில்லை. பிறகு வந்த சுருக்கமான அறிவிப்பில் ராக்கெட்டில் தொழில்நுட்பக் கோளாறு, முன்னெச்சரிக்கையாக ஏவுதல் ஒத்திவைப்பு என்பதற்கு மேல் இல்லை. நிறுத்தியது மிகச் சரியான முடிவு. ஜூலை 22 பிற்பகல் 2.43-க்கு நடந்த பிழையற்ற ஏவுதலே அதற்குச் சான்று. ஆனால் மணிக்கணக்கில் உடன் விழித்திருந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம்.

அப்படி விழித்திருப்பவர்கள் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர் என்பதை அதே பயணம் காட்டியது. செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதிய பின், நாசா வெளியிட்ட படங்களை இரவுகளில் ஒப்பிட்டுப் பார்த்து முதல் சிதைவுத் துண்டைக் கண்டுபிடித்தவர் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரையும் குறிப்பிட்டது.

வடசென்னை மொட்டைமாடிகளிலும் பழவேற்காட்டுக் கரையிலும் இந்தப் பின்தொடர்தலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நேரலை சில விநாடிகள் பிந்தி வருவதால், கையிலுள்ள செல்பேசி இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும்போதே வடக்கு வானில் வெளிச்சம் எழுந்துவிடும். செல்பேசியில் கேட்கும் அந்த எண்ணும் குரலும் இங்கே பழகிய குரலானது. சந்திரயான்-3 உட்படப் பல ஏவுதல்களில் அறிவிப்புச் செய்த வளர்மதி 2023 செப்டம்பரில் காலமானபோது, அவரை முகத்தால் அறியாதவர்கள்கூட சமூக ஊடகங்களில் அஞ்சலி எழுதினார்கள். அதற்குப் பத்து நாள் முன்பு, ஆகஸ்ட் 23 மாலை, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருந்தனர்.

அந்த எண்ணிக்கையை எல்லாரும் கொண்டாடினார்கள். இந்த வரலாற்றுக்கு அதைவிடப் பெரிய நாள் என்று நான் கருதுவது 2023 அக்டோபர் 21. ககன்யான் திட்டத்துக்கான ஆளில்லாச் சோதனை ராக்கெட், வானிலையால் 8 மணியிலிருந்து தள்ளிப்போய், பூஜ்யத்துக்கு 5 விநாடி இருக்கையில் தானாக நின்றது. இஸ்ரோ தலைவர் சோமநாத் சில நிமிடங்களில் நேரலையிலேயே தோன்றி, எஞ்சின் எதிர்பார்த்தபடி எரியவில்லை, கணினி நிறுத்திவிட்டது, ராக்கெட் பத்திரமாக இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று விளக்கினார். காரணம் கண்டறியப்பட்டு சரிசெய்யப்பட்டதும் அறிவிக்கப்பட்டது. காலை 10 மணிக்கு ராக்கெட் புறப்பட்டது.